மாடு ஏறிய மலைப்பாதை

கண்டிக்கு வருகின்ற அன்பர்கள் பெரும்பாலும் தலதா மாளிகையையும் அதன் முன்னுள்ள வாவியையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இவற்றை இணைக்கும் வீதிகளில் பஸ்களின் இரைச்சலும் புகையும் அவர்களைத் துரத்தி அடிக்கின்றன. ஆனால், பெருவீதியை விட்டு இரண்டு மூன்று மைல் விலகினால் போதும். வேறொரு கண்டி நம்மை வரவேற்கும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு, நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய பாதை. இடையிடையே ஒரு முச்சக்கர வண்டி வரலாம், வராமலும் இருக்கலாம். இத்தகைய அமைதியான பாதைகள் கண்டியைச் சுற்றி எத்தனையோ உண்டு. இன்றைய உரையில் அப்பாதைகளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நேயர்களே, இது உல்லாசப் பயணிகளுக்கான வழிகாட்டி அன்று. நூலுக்கு ஆசிரியர் இருப்பது போலப் பாதைக்கும் ஆசிரியர் உண்டு. நூலைப் படிப்பவர் ஆசிரியர் பெயரைக் கேட்டறிகிறார். பாதையில் போகிறவர் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதுதான் இந்த உரையின் பொருள்.

பல ஆண்டுகளாக இப்பாதைகளில் நான் துவிச்சக்கர வண்டியில் போய் வருகிறேன். மோட்டார் காரில் போகிறவருக்கு மலை ஒரு காட்சி. சைக்கிளில் போகிறவருக்கு அது ஒரு கணக்கு. ஏற்றத்தின் ஒவ்வொரு முழத்தையும் கால்கள் எடை போட்டுச் சொல்லிவிடும். அப்படி எடை போட்டதில், கண்டி மலைகளில் இரண்டு வகையான ஏற்றங்கள் இருப்பதை உணர்ந்தேன். ஒன்று, மலையின் முதுகில் நேராக ஏறும் பழைய கிராமத்து வழி. அதில் இறங்கி வண்டியைத் தள்ளித்தான் ஆகவேண்டும். மற்றது, மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து போவது. மூச்சு வாங்கும், ஆனால் இறங்க வைக்காது. முன்னது மனிதனின் காலுக்காக உண்டானது. பின்னது பாரம் ஏற்றிய மாட்டு வண்டிக்காக வெட்டப்பட்டது. மேலே போகும்போது அரிசி மூட்டை, கீழே வரும்போது கோப்பி மூட்டை. அந்தச் சுமையோடு மாடு ஏறக்கூடிய சாய்வுதான் இன்று சைக்கிளும் ஏறக்கூடிய சாய்வு. மாடுகள் போய்விட்டன. அவற்றுக்காக வெட்டிய பாதையில் நாம் உல்லாசமாகப் போகிறோம்.

மறைத்து வைத்த வழிகள்

கண்டி அரசர்கள் பாதை போடுவதில் அக்கறை காட்டவில்லை. அது சோம்பலால் அன்று, அறிவால். 1660இல் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காட்டினூடாக ஒருவர் பின் ஒருவராகச் செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், அவற்றின் குறுக்கே முள்ளால் பின்னிய கடவைகள், அங்கே காவலாட்கள். 'கடவத்த' என்ற ஊர்ப்பெயர் இன்றும் அந்தக் காவலை நினைவூட்டுகிறது. காடும் மலையும் குறுகிய வழியுமே அந்த இராச்சியத்தின் கோட்டை மதில்கள்.

அந்த மதிலை மோதியவர்கள் பட்ட பாடு வரலாற்றில் உள்ளது. 1594இல் பலன கணவாய் வழியாக ஏறிய போர்த்துக்கேயத் தளபதி பெத்ரோ லோப்பஸ் த சூசாவின் படை தந்துரேயில் அழிந்தது. 1638இல் தியோகோ த மெலோவின் படை கன்னொருவையில் அழிந்தது. 1803இல் ஆங்கிலேயப் படையொன்று மகாவலிக் கரையில், வட்டபுளுவையில் அதே கதியை அடைந்தது. இந்த மூன்று இடங்களுமே இன்றைய கண்டி நகரிலிருந்து சைக்கிளில் ஒரு நாளில் சுற்றி வரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. பலனப் பக்கத்து வழியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு, கனத்த உடையும் துப்பாக்கியும் பீரங்கியும் சுமந்து வந்தவர்கள் ஏன் தோற்றார்கள் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்தக் காலத்தின் அமைதியைக் காண விரும்புவோர் பிலிமத்தலாவையில் பெருவீதியை விட்டு விலகி, உடுநுவரப் பக்கம் திரும்பவேண்டும். வயலோரமாகப் போகும் சிறு பாதைகள் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே என்ற மூன்று கோயில்களைக் கோத்துக்கொண்டு போகின்றன. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியர். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் கல் செதுக்கிய கை ஒன்றுக்குப் பெயர் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்னொரு காலத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

மலையைத் துளைத்தவர்கள்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1817-18இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடூரமாக அடக்கினர். மலைநாட்டைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்பதை அந்தக் கிளர்ச்சி அவர்களுக்கு உணர்த்தியது. வைத்திருக்க வேண்டுமானால் துருப்புகள் விரைந்து ஏற வேண்டும். துருப்புகள் ஏற வேண்டுமானால் வீதி வேண்டும். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியைத் தம் பிரதான வேலையாக எடுத்துக்கொண்டதன் காரணம் இதுவே. மலையைத் துளைத்துக்கொண்டு வருபவன்தான் கண்டியை ஆள முடியும் என்று மக்களிடையே ஒரு கதை வழங்கியது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி விட்டபோது அந்தக் கதை பலித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். குடைந்த பாறை இன்றும் இருக்கிறது. வாகனங்கள் இப்போது அதற்குப் பக்கத்தால் போகின்றன.

அந்த வீதியின் பொறியியலாளர் கப்டன் டொசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவை உச்சியில் நிற்கிறது. பதினாறு வயதில் அதே கணவாயில் வேலையைத் தொடங்கிய தோமஸ் ஸ்கின்னர், பின்னாளில் வீதி ஆணையாளராகி, மலைநாட்டின் வீதிகளில் பெரும்பகுதியை வகுத்து, 1867இல் ஓய்வுபெற்றார். அவர் எழுதிய சுயசரிதையும் அச்சாகியிருக்கிறது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் முதிரை மரத்தாலேயே ஒற்றை வளைவாகக் கட்டிய பாலம், 205 அடி நீளம் தாவி, 1905 வரை நின்றது. அதைக் கட்டியவர் பெயரும் பதிவாகியுள்ளது.

கல் உடைத்தவர்கள் யார்? முதலில் கண்டிய விவசாயிகள். அரசனுக்கு ஆற்ற வேண்டிய ஊழியமான 'ராஜகாரிய'வை ஆங்கிலேயர் தங்களுக்கு ஆற்ற வேண்டிய ஊழியமாக மாற்றிக்கொண்டனர். வயலை விட்டு வந்து, கூலியின்றி, சோறும் கட்டிக்கொண்டு வந்து அவர்கள் மலையை வெட்டினார்கள். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கொண்ட பயனியர் படைகள் வந்தன. 1832இல் ராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் பாதைக்கு ஆள் தேவை என்பது ஒழியவில்லை. 1848இல் தேசாதிபதி டொரிங்டனின் நிர்வாகம் வீதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆண்மகன் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும். இல்லையேல் மூன்று ஷிலிங் செலுத்த வேண்டும். மற்ற வரிகளோடு சேர்ந்து இது மக்களின் பொறுமையை உடைத்தது. அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பறையில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு நாட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கான காரணங்களில் ஒன்று 'வீதி' என்று எழுதப்பட்டிருப்பது அபூர்வமான செய்தி. இப்பாதைகளில் போகும்போது இதை நான் மறப்பதில்லை.

கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள்

1820களின் நடுப்பகுதியில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். பார்ன்ஸ் தேசாதிபதியே கன்னொருவையில் கோப்பி பயிரிட்டார். 1840களில் கோப்பி ஒரு காய்ச்சலாகவே பரவியது. அதிகாரிகளும் படையினரும்கூடக் காணி வாங்கினார்கள். கண்டியைச் சுற்றிய காடுகள் சாய்ந்தன. கோப்பிக்குப் பாதை வேண்டும். பாதைக்குக் கூலி வேண்டும். தோட்டத்துக்கும் கூலி வேண்டும். கண்டியக் கிராமவாசி தன் வயலை விட்டுத் தோட்டத்துக்கு வர மறுத்தார். அப்போதுதான் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களை நோக்கிக் கண் திரும்பியது.

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் மக்கள் புறப்பட்டார்கள். அவர்கள் ஊர்களில் இந்த மலைநாடு முழுவதற்கும் ஒரே பெயர்தான் வழங்கியது: கண்டிச் சீமை. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியாக நடந்தார்கள். தண்ணீர் இல்லாத வறட்சிப் பகுதி, மலைக் காய்ச்சல், வாந்திபேதி, வனவிலங்கு. நடக்க முடியாதவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடைபயணத்தின் எல்லையில் நிற்கிறது. அங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அம்மன் கோயில் என்பது முதலில் ஓர் ஆறுதல் மூச்சு என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

கோப்பிக் காலத்தில் அவர்களில் பலர் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு மீண்டும் நடந்தார்கள். எனவே, வடபாதை ஒரு தடவை நடந்து மறக்கும் வழியாக இருக்கவில்லை. மாத்தளையிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து வத்துகாமம், பன்வில, மடுல்கலை, றங்கல, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட என்று பிரிந்த கிளைகளுக்கும் அவர்கள் சென்றார்கள். தோட்டத்துக்குள் நுழைந்ததும், காட்டை வெட்டுவதோடு பாதை வெட்டுவதும் அவர்கள் வேலையாயிற்று. மலையின் வளைவை அளந்தவர் துரை. வெட்டியவர்கள் இவர்கள்.

நம் இலக்கியம் இம்மக்களை மறந்துவிடவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் தோட்ட வாழ்வைத் தமிழ் வாசகர் முன் வைத்தன. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஏட்டில் இடம்பெறாத ஒரு பயணத்தின் களைப்பும் ஏமாற்றமும் கேலியும் அப்பாடல்களில் தங்கியிருக்கின்றன. வீதித் திணைக்களத்தின் பேரேடு கல்லின் கன அளவைச் சொல்லும். கல் உடைத்தவளின் முழங்கை வலியைப் பாட்டுத்தான் சொல்லும்.

நோய் விட்டுச் சென்ற அமைதி

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பொடி போன்ற நோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒருவகைப் பங்கசு எனக் கண்டறிந்து பெயரிட்டார்கள். பெயரிட்டார்களே தவிர, நிறுத்த முடியவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி சரிந்தது. பலர் தோட்டங்களை விட்டுவிட்டுப் போனார்கள். சில மலைகளில் கோப்பிச் செடி போய்விட்டது. அதற்காக வெட்டிய பாதை மட்டும் எஞ்சியது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இதுபோன்ற ஒரு கதை நடந்தது. ஸ்பெயின் தேசத்தின் கட்டலோனியாவில் பிரியோராட் என்றொரு மலைப்பிரதேசம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய துறவிகள் அங்கே கருங்கல் தகடு போன்ற மண்ணில் திராட்சை நட்டு வைன் வடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்ற சிறு பூச்சி ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளின் வேரை அழித்துக்கொண்டு வந்து, 1893இல் பிரியோராட்டையும் எட்டியது. கொடிகள் பட்டுப்போயின. மக்கள் கிராமங்களை விட்டு இறங்கினார்கள். 1980களின் இறுதியில் சில இளைஞர்கள் வந்து கைவிடப்பட்ட சரிவுகளில் மீண்டும் வைன் செய்யத் தொடங்கிய பிறகே அப்பெயர் உலகுக்குத் தெரிந்தது. இன்று அந்த மலைப்பாதைகளின் அமைதியை நாடி ஐரோப்பாவெங்கும் இருந்து சைக்கிள் பிரியர்கள் வருகிறார்கள். வாகனம் இல்லாத வளைவுகள், அடுக்கடுக்கான சரிவுகள், தூரத்தில் ஒரு கிராமத்தின் மணிக்கூண்டு. அவர்கள் புகழும் அந்த அமைதி, ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் வெளியேறியதால் உண்டான அமைதி.

கண்டிக்கும் பிரியோராட்டுக்கும் ஓர் ஒற்றுமையும் ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. இரண்டிலும் ஒரு பயிரும் அதன் நோயும் பாதையின் தலையெழுத்தை எழுதின. அது ஒற்றுமை. பிரியோராட்டில் கொடி போனதும் மனிதர்கள் போனார்கள். இங்கே கோப்பி போனதும் மனிதர்கள் தங்கினார்கள். அது வேற்றுமை. ஏனெனில் கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலம் உண்டு. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் குடியேறினார்கள்.

லூல்கந்துர வழி

1867 என்ற ஆண்டு இந்தக் கதையில் ஒரு முச்சந்தி. அவ்வாண்டு புகையிரதம் கண்டியை அடைந்தது. அவ்வாண்டு ஸ்கின்னர் ஓய்வுபெற்றார். அவ்வாண்டு ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். புகையிரதம் வந்ததும் பெருவீதியின் மாட்டு வண்டிகள் குறையத் தொடங்கின. ஆனால் புகையிரதம் ஏற முடியாத கிளைப் பாதைகளில் மாடுகளும் மனிதர்களும் தொடர்ந்து ஏறினார்கள்.

லூல்கந்துர போகும் பாதையை நான் ஒரு பாடநூலாகவே கருதுகிறேன். பேராதனையில் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துக்கொண்டு கலஹா வீதி புறப்படுகிறது. 1952இல் பேராதனைக்கு வந்த அந்த வளாகத்தின் நிழல் மரங்களைத் தாண்டியதும் ஹிந்தகல, அதன்பின் ஏற்றம். கலஹாவில் கடை வீதி, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் கூப்பிடு தொலைவில். தெல்தோட்டைக்கு அப்பால் பாதை குறுகிவிடும். வாகனச் சத்தம் அற்றுப்போய், பறவைச் சத்தமும் ஓடைச் சத்தமும் மிஞ்சும். டெய்லர் வாழ்ந்த மரக்குடிலின் புகைபோக்கியும் கிணறும் தோட்டத்தில் எஞ்சியிருக்கின்றன. அங்கிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் இறங்கி, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு வந்துவிடலாம். உடலில் வலு உள்ளவருக்கு ஒரு நாள் பயணம்.

இந்த வழியில் 1892இல் ஒரு சவ ஊர்வலம் சென்றது. நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்தை விட்டு அதிகம் வெளியேறாத டெய்லர் அங்கேயே காலமானார். அவர் உடலைத் தொழிலாளர்களே தோளில் சுமந்து, பன்னிரண்டு பேர் கொண்ட இரண்டு அணிகளாக மாறி மாறி, கண்டி வரை கால்நடையாகக் கொண்டுவந்தார்கள் என்றும், 'சாமித்துரை' என்று சொல்லி அழுதுகொண்டே மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கண்டி மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இலங்கையில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவர் ஆற்றிய பணி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுமந்து வந்த இருபத்துநான்கு பேரின் பெயர்கள் எங்கும் இல்லை.

டெய்லரின் பெருமையைக் குறைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர் உழைப்பாளி; தொழிலாளர்களின் அன்பைப் பெற்றவர். ஆனால், பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டில் கணேஸ்வராசாரி என்ற கைவினைஞனுக்குப் பெயர் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அச்சகமும் பேரேடும் குடிசன மதிப்பீடும் இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் இல்லை. எழுத்து பெருகிய காலத்தில் பெயர்கள் குறைந்தன. இதை எப்படி விளங்கிக்கொள்வது?

சக்கரமும் காலும்

சைக்கிளுக்கும் இந்த மலைகளுக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. 1876இல் பிரேசில் நாட்டு இறப்பர் கன்றுகள் லண்டன் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பேராதனைப் பூங்காவின் கிளையான ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் உலகெங்கும் சைக்கிள் பெருகியது, மோட்டார் வந்தது, இறப்பருக்கு விலை ஏறியது. கேகாலை, மாத்தளை மலையடிவாரங்களில் இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் அதே தென்னிந்தியத் தொழிலாளர்கள். இவர்கள் போட்ட பாதையில் உருளும் சக்கரத்திலும் இவர்களுடைய உழைப்பு சுற்றியிருக்கிறது.

ஆனால் அந்தச் சக்கரம் அவர்களிடம் வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். 1990களில் பெற்றோல் தடைப்பட்டபோது, குடும்பம், சாமான், நோயாளி எல்லாம் சைக்கிளிலேதான் போனார்கள். சமதரையின் வாகனம் சைக்கிள். மலையகத்தின் வாகனம் கால். கொழுந்துக் கூடையும் விறகுக் கட்டும் தலையிலும் முதுகிலும்தான் ஏறின. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போவதும் இதே பாதையில், கால்நடையாக. எனக்கு 'அமைதியான பாதை' என்று தோன்றுவது, அங்கே வாழ்பவருக்கு 'பஸ் வராத பாதை' என்று தோன்றுகிறது. ஒரே பாதைக்கு இரண்டு பெயர்கள். உல்லாசப் பிரசுரங்கள் முதல் பெயரை மட்டும் அச்சடிக்கின்றன.

இந்தப் பாதைகளில் மக்கள் ஏறியதைச் சொன்னேன். இறங்கியதையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்னர் முடிவாகட்டும் என்று விடப்பட்டது. பாட்டன் நடந்து ஏறிய மலையிலிருந்து பேரன் பெட்டியோடு இறங்கினான். கண்டி மாவட்டத்தில் 1970களின் நிலச் சீர்திருத்தமும் அந்நாட்களின் பஞ்சமும் பல தோட்டங்களை நிலைகுலைய வைத்தன. லயங்கள் காலியாயின, தேயிலை புதராயிற்று. இங்கும் சில பாதைகளின் அமைதிக்குக் காரணம் பிரியோராட்டின் காரணமே. ஆனால் அங்கே மக்களை அனுப்பியது ஒரு பூச்சி. இங்கே ஒரு கையெழுத்து.

1985இல் பூர்த்தியான விக்டோரியா அணைக்குப் பின்னால் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. நீர் மட்டம் குறையும் வருடங்களில் அந்நகரத்தின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. கண்டியிலிருந்து அங்கே போன பழைய வீதியின் துண்டுகள் சில நேரே நீருக்குள் இறங்கிவிடுகின்றன. பாதையும் சாகும் என்பதை அங்கே பார்க்கலாம்.

இன்று செய்யத்தக்கது

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாட்டில் உயிரிழந்தனர்; கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. மண் சரிந்து வீதிகள் அறுந்தன. பெருவீதி அறுந்தால் நாடு பேசுகிறது. ஒரு தோட்டத்துப் பாதை அறுந்தால் அங்குள்ள லயம் ஒரு தீவாகிவிடுகிறது. மலைப்பாதை என்பது வளைவும் தார்ப்பூச்சும் மட்டுமல்ல. மேற்பக்கத்துக் கானும் கீழ்ப்பக்கத்துக் கல்லணையும் அடியில் போகும் மதகுமே அதன் உயிர்நாடி. பழைய பாதைகளைப் போட்டவர்கள் அதை அறிந்திருந்தார்கள். சைக்கிளை நிறுத்திக் கீழே எட்டிப் பாருங்கள். சீமெந்து இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கிய அணைகள் சில இடங்களில் நூறு மழைக்காலங்களைத் தாண்டியும் நிற்கின்றன. கானை அடைத்துவிட்டுத் தாரைப் பூசுகிற இக்காலத்துக்கு அவை ஒரு பாடம்.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடைபெற்றது. ஜூலை இறுதியில் புறப்பட்டவர்கள் ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடந்ததன் மூலம், அந்தப் பாதைக்கு ஆசிரியர்கள் உண்டு என்பதை அவர்கள் பகிரங்கமாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு மாத்தளையோடு நின்றுவிடக் கூடாது. மாத்தளைக்கு மேலே பிரிந்த ஒவ்வொரு கிளைக்கும் அது ஏற வேண்டும்.

கண்டி மலைகளில் சைக்கிள் பயணம் செய்யும் வெளிநாட்டவரும் நம்மவரும் கூடிக்கொண்டு வருகிறார்கள். நல்லது. புகை இல்லாத விருந்தாளிகள், மெதுவாக வருபவர்கள், வழியில் தேநீருக்கு நின்று பேசக்கூடியவர்கள். அவர்களுக்காக வைக்கும் வழிகாட்டிப் பலகையில் தூரத்தோடு இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன? இந்தப் பாதை எந்தப் பத்தாண்டில், யாருடைய உழைப்பால் வெட்டப்பட்டது என்று மூன்று மொழிகளிலும் எழுதலாம். கடுகண்ணாவையில் டொசன் கோபுரத்தின் அடியில், ராஜகாரியக் கடமையில் கல் உடைத்த கண்டிய விவசாயிகளுக்கும் ஒரு கல் வைக்கலாம். தோட்டப் பாதைகளில், தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கு ஒரு கல் வைக்கலாம். தனித்தனிப் பெயர்கள் இனிக் கிடைக்கப்போவதில்லை. ஊரின் பெயரும் காலத்தின் பெயரும் கிடைக்கும், அதுவாவது இருக்கட்டும்.

தோட்டங்களில் இன்னும் முதியவர்கள் இருக்கிறார்கள். இந்த வளைவுக்கு என்ன பெயர், அந்த மதகைக் கட்டும்போது யார் விழுந்தார், எந்தப் பாறைக்குக் கீழே மாடன் சாமிக்கு விளக்கு வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாய்மொழியில் மட்டுமே உள்ளன. அரச வரைபடத்தில் இல்லாத பெயர்கள் அவை. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அந்தப் பாதைகளில் ஏறலாம். சைக்கிளில் ஏறுங்கள், முடியாவிட்டால் நடந்து ஏறுங்கள். வளைவுக்கு ஒரு பெயர் கிடைத்தாலும் போதும், எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த முதியவர்கள் போன பிறகு கேட்பதற்கு ஆளிருக்காது.